மாதா வணக்கம் பற்றி மாப்பிள்ளைக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு,

தங்கச்சிமடத்திலிருந்து எழுதுகிறேன். மாதாவின் சுரூபத்தின் (சிலையின்) முன் செபமாலை சொல்வது விக்கிரக ஆராதனை என்றும், மத்தியஸ்தர் ஒருவரே என்று 1 தீமோத்தேயு 2:5 கூறியிருக்க மரியாளை நடுவில் நிறுத்துவது பாவம் என்றும் என் மருமகளான உங்கள் மகளிடம் நீங்கள் சொன்னதாக அறிந்தேன். அந்த வசனத்தைக் கத்தோலிக்கனான நானும் முழுமனதோடு விசுவசிக்கிறேன்.

செபமாலையில் நாங்கள் கேட்பது என்ன? 'அருள் நிறைந்த மரியே' என்னும் செபத்தின் முற்பகுதி, லூக்கா முதல் அதிகாரத்தில் கபிரியேல் தூதரும் எலிசபெத்தும் சொன்ன வாழ்த்து. பிற்பகுதியோ 'பாவிகளாகிய எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்' என்ற மன்றாட்டு. கடலுக்குப் போன பிள்ளை இலங்கைக் கடற்படையிடம் பிடிபட்ட செய்தி வந்ததும், ஒரு தாய் உங்கள் சபையில் எழுந்து நின்று 'என் மகனுக்காக ஜெபியுங்கள்' என்று கேட்டால், அவள் கிறிஸ்துவின் இடத்தைச் சபையாருக்குக் கொடுத்துவிட்டாள் என்று நீங்கள் சொல்லமாட்டீர்கள். எங்கள் தலையாய வழிபாடான திருப்பலியை (பூசையை) நாங்கள் ஒருபோதும் மாதாவுக்கு ஒப்புக்கொடுப்பதில்லை. அது கடவுளுக்கே உரியது.

நமக்குள் உள்ள வழக்கு வேறு. விண்ணகத்தில் இருப்போரிடம் நாம் இப்படி வேண்டலாமா என்பதும், வேதத்தில் வெளிப்படையாக இல்லாததைத் திருச்சபை விசுவாச சத்தியமாக அறிவிக்கலாமா என்பதுமே அது. புனிதர்களை வேண்டுவதற்கு வேத ஆதாரமில்லை என்று ஆங்கிலிக்கத் திருச்சபையின் கோட்பாட்டு அறிக்கையான 39 பிரிவுகளுள் 22ஆவது கூறுகிறது. மரியாள் ஜென்மப் பாவமின்றிக் கருவில் உருவானார் என்று 1854இல் அறிவிக்கப்பட்ட அமல உற்பவத்தையும், அவர் ஆன்மாவோடும் உடலோடும் விண்ணகத்துக்கு எடுத்துக்கொள்ளப்பட்டார் என்று 1950இல் அறிவிக்கப்பட்ட விண்ணேற்பையும் திருச்சபையின் அதிகாரத்தை நம்பி நான் ஏற்கிறேன், நீங்கள் ஏற்கவில்லை. நேர்மையான இந்தக் கருத்து வேறுபாட்டை விக்கிரக ஆராதனை என்ற ஒற்றைக் குற்றச்சாட்டில் அடைப்பது நியாயமல்ல.

வேளாங்கண்ணிக்குக் காவி உடுத்தி நடந்து போகிறவர்களுள், மாதாவே தனித்து வரம் தருபவர் என்று எண்ணுவோரும் இருக்கிறார்கள் என்பதை நான் மறுக்கவில்லை. அந்த எண்ணத்தை எங்கள் திருச்சபையும் ஏற்பதில்லை; 2025 நவம்பரில் வத்திக்கான் வெளியிட்ட ஆவணம், 'இணை மீட்பர்' என்ற பட்டத்தை மரியாவுக்குச் சூட்டுவது பொருத்தமற்றது என்றே கூறியது. அதுபோல, 1521இல் லூக்கா முதல் அதிகாரத்தில் உள்ள மரியாளின் பாடலுக்கு விளக்கம் எழுதிய, சீர்திருத்த இயக்கத்தைத் தொடங்கிய லூத்தர் அவரைத் தேவதாய் என்றே மதித்தார் என்பதை உங்கள் சபைகளில் அதிகம் பேசக் கேட்டதில்லை. 'எல்லாச் சந்ததிகளும் என்னைப் பாக்கியவதி என்பார்கள்' என்ற அந்தப் பாடலின் வசனம் உங்கள் வேதாகமத்திலும் இருக்கிறது.

மாதாவின் பிறப்பு விழாவான வருகிற செப்டம்பர் 8 அன்று மாலை, பாட்டியின் அருகில் அமர்ந்து செபமாலை சொல்ல என் மருமகளுக்கு விருப்பமிருந்தால், தயவுசெய்து தடுக்காதீர்கள். விருப்பமில்லை என்றால் நாங்களும் வற்புறுத்தமாட்டோம். கிறிஸ்துமஸுக்கு முன் உங்கள் குடும்ப ஜெபத்தில் மரியாளின் அந்தப் பாடலை, லூக்கா 1:46 முதல் 55 வரை, வாசிக்கும் நாளைச் சொல்லுங்கள், நான் இராமநாதபுரத்துக்கு வந்து உங்களோடு அமர்ந்து கேட்கிறேன்.

அன்புடன்,
உங்கள் மச்சான்