சொந்த ஊர் ஏரியின் படம் அறிவியல் வகுப்புக்கு வரட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நடுநிலைப் பள்ளிகளில் நிலவரைபடம் என்றாலே அது சமூக அறிவியல் ஆசிரியரின் பொருள் என்றாகிவிட்டது. இந்தியப் படத்தில் கோதாவரியை நீலத்தில் இழுத்து, தக்காண பீடபூமியைக் குறித்துவிட்டால் மதிப்பெண் வந்துவிடும். அதே பிள்ளைகள் அறிவியல் பாடத்தில் நீர்ச் சுழற்சி படிக்கும்போது கிடைப்பது பெயரில்லாத ஒரு மலை, ஒரு மேகம், ஒரு கடல், நாலு அம்புக்குறி. செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கத்துப் பள்ளிகளுக்கு இது பெரிய இழப்பு. நடந்து போகிற தூரத்தில் ஓர் ஏரி இல்லாத ஊர் இங்கே குறைவு. அந்த ஏரியை மேலிருந்து எடுத்த படம் ஒன்று கையில் இருந்தால் நீர்ச் சுழற்சி, சூழ்நிலை மண்டலம், ஒளி, அளவீட்டியல் நான்கையும் அதை வைத்தே நடத்தலாம்.

ஓர் ஏரியின் செயற்கைக்கோள் படத்தை மேசைமேல் விரித்து வையுங்கள். ஒரு பக்கம் அரிவாளால் நறுக்கியது போல் வளைந்த கோடு இருக்கும். எதிர்ப்பக்கம் பழைய வேட்டி நைந்தது போல் ஓரம் கலைந்து, விரல் விரலாக நீளும். நறுக்கென்று இருப்பது கரை. நைந்திருப்பது தண்ணீர் வந்து சேரும் மேட்டுப்பக்கம். ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் சம உயரக் கோடு ஒன்றுகூட இல்லாமல், நிலம் எந்தத் திசையில் சரிகிறது என்பதை ஆறாம் வகுப்புப் பிள்ளை சொல்லிவிடும். கரைக்கு வெளியே கட்டம் கட்டமாகத் தெரியும் பச்சைதான் ஆயக்கட்டு, அதாவது ஏரி நீர் பாயும் வயல்கள். அந்தப் பச்சைக்குள் நூல் போல் இறங்கும் வாய்க்காலைப் பின்னோக்கித் தொடர்ந்தால், அது கரையைத் தொடும் இடத்தில் மதகு இருக்கும். ஏரி நிரம்பினால் மிகுநீர் வழிந்தோடும் கலங்கலைப் பெரும்பாலும் கரையின் ஒரு முனையில் தேடலாம். அங்கிருந்து கிளம்பும் ஓடை மேல் விரலை ஓட்டினால், பல இடங்களில் அது அடுத்த ஏரியின் நைந்த ஓரத்தில் போய் முட்டும். ஓர் ஏரி நிரம்பினால்தான் அடுத்ததற்குத் தண்ணீர் என்பதைப் பிள்ளைகள் விரலாலேயே கண்டுபிடிக்கிறார்கள். இதை வாயால் சொல்லிப் புரியவைக்க ஒரு பாடவேளை போதாது.

இதற்கு ட்ரோன் வேண்டாம், வகுப்பில் இணையமும் வேண்டாம். ஆசிரியர் ஒருமுறை உட்கார்ந்து படத்தை எடுத்து அச்சிட்டால் போதும். செயற்கைக்கோள் படங்களைக் காட்டும் இஸ்ரோவின் புவன் இணையதளம் 2009 முதல் பொதுமக்களுக்குத் திறந்திருக்கிறது. கூகுள் எர்த் எல்லோருக்கும் தெரிந்தது. ஏ4 தாளில் 18 செ.மீ. × 18 செ.மீ. படத்துக்குள் 900 மீ. × 900 மீ. நிலம் அடங்க வேண்டும். அப்படியானால் 1 செ.மீ.க்கு 50 மீ., அதாவது 1:5,000 அளவை. ஏரி இதைவிடப் பெரிதாக இருந்தால் நாலு தாளாக அச்சிட்டு ஒட்டுங்கள். ஒரே தாளில் அடக்க 1:20,000-க்குச் சுருக்கினால் வாய்க்காலும் கலங்கலும் கண்ணுக்குத் தப்பிவிடும்.

அச்சிடுவதில்தான் முதல் தவறு நடக்கும். ஜெராக்ஸ் கடை பிரிண்டரில் ‘ஃபிட் டு பேஜ்’ தேர்வு பெரும்பாலும் ஏற்கெனவே போட்டிருக்கும். படம் கொஞ்சம் சுருங்கி வரும், ஆனால் தாளில் எழுதிய 1:5,000 அப்படியே நிற்கும். அதன்பின் போடும் கணக்கெல்லாம் தப்பு. எனவே அச்சிடும் முன்பே படத்துக்குள் 200 மீ. நீளத்துக்கு ஓர் அளவைக் கோடு வரைந்துவிட வேண்டும். படம் சுருங்கினால் கோடும் சேர்ந்து சுருங்கும். அச்சான பிறகு ஸ்கேல் வைத்தால் அது 4 செ.மீ. இருக்க வேண்டும். 3.7 செ.மீ. இருந்தால் 1 செ.மீ.க்கு 54 மீ. என்று திருத்திக்கொள்ளலாம். இந்தத் திருத்தத்தைப் பிள்ளைகளையே செய்யவிடுங்கள். பிறகு பள்ளிச் சுற்றுச்சுவரையோ, சாலையில் இரண்டு சிறுபாலங்களுக்கு இடைப்பட்ட தூரத்தையோ டேப் பிடித்து அளந்து படத்தோடு ஒப்பிடச் சொல்லுங்கள். நீளமான தூரமாகப் பார்த்து எடுப்பது நல்லது. ஸ்கேலில் 1 மி.மீ. பிசகினால் நிலத்தில் 5 மீ. பிசகும், 30 மீ. சுவரில் அது பெரிய பிழை, 400 மீ. சாலையில் சிறிது.

பரப்பளவுக்கு ஓ.எச்.பி. தாள் எனப்படும் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாள் வேண்டும். அதில் பெர்மனன்ட் மார்க்கரால் 1 செ.மீ. கட்டங்கள் போட்டு, படத்தின் மேல் வைத்து மூலைகளில் செல்லோடேப் ஒட்டுங்கள். சாதாரண ஸ்கெட்ச் பேனா அந்தத் தாளில் முத்து முத்தாகத் திரண்டு, கை பட்டால் அழிந்துவிடும். மார்க்கரை அழிக்க சானிடைசர் போதும். ஒரு கட்டம் 2,500 ச.மீ., நம் வழக்கில் சுமார் 62 சென்ட். பாதிக்கு மேல் நிரம்பிய கட்டத்தை ஒன்றாகவும், அதற்குக் குறைந்ததைப் பூஜ்யமாகவும் எண்ண வேண்டும். ஏழாம் வகுப்பில் இலையின் பரப்பை கிராஃப் தாளில் எண்ணுகிற முறையின் எளிய வடிவம்தான். 16 கட்டம் வந்தால் 4 ஹெக்டேர், ஏறக்குறைய 10 ஏக்கர். சென்டும் ஏக்கரும் வீட்டில் புழங்குகிற பிள்ளைகளுக்கு இந்த எண் உடனே பிடிபடும். 40 பேர் வகுப்புக்கு ஐந்து பேர் குழுவாக எட்டுப் படம் போதும்.

இனி இரண்டு தேதிகள். நம் ஏரிகள் வடகிழக்குப் பருவமழையில் நிரம்புபவை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை படமெல்லாம் மேகமாகவே இருக்கும். ஜனவரி கடைசியில் வானம் தெளியும், ஏரியிலும் தண்ணீர் நிற்கும். அந்த ஜனவரிப் படத்தில் நீரோரத்தை நீல மார்க்கரால் ஓ.எச்.பி. தாளில் வரைந்துகொண்டு, அதே ஆண்டின் ஜூன் படத்தின் மேல் வைத்து சிவப்பால் வரையச் சொல்லுங்கள். வரையும் முன்பே எளிதில் மாறாத இரண்டு இடங்களில், ஒரு கோயில் மேலும் ஒரு சாலைச் சந்திப்பு மேலும், கூட்டல் குறி போட்டுக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் தாள் நகர்ந்து ஏரியே இடம் பெயர்ந்ததாகத் தெரியும். இரண்டு கோடுகளுக்கும் இடையில் இருந்த தண்ணீர் எங்கே போனது? பாசனத்துக்கு எவ்வளவு, ஆவியானது எவ்வளவு, நிலத்தடிக்கு இறங்கியது எவ்வளவு? நீர்ச் சுழற்சியின் அம்புக்குறிகளுக்கு இங்கேதான் உயிர் வருகிறது.

ஆசிரியர்களே அடிக்கடி சறுக்கும் இடமும் இதுதான். ஓர் ஆண்டின் ஜனவரிப் படத்தையும் பத்து ஆண்டு கழித்து எடுத்த ஜூன் படத்தையும் பக்கத்தில் வைத்து, ‘பாருங்கள், ஏரி அழிந்துவிட்டது’ என்று பாடம் நடத்தினால் அது பொய்ப் பாடம். பருவம் செய்ததை மனிதர் தலையில் கட்டுகிறோம். ஒரே மாதத்து இரண்டு படங்கள்கூடப் போதாது. 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்துக்குப் பிந்தைய 2016 ஜனவரியையும், 2018 வடகிழக்குப் பருவமழை பொய்த்தபின் வந்த 2019 ஜனவரியையும் எடுத்து செம்பரம்பாக்கம் ஏரியையோ புழல் ஏரியையோ ஒப்பிட்டால், யாரும் ஒரு செங்கல்கூட வைக்காமலேயே நீர்ப்பரப்பு மாறியிருப்பது தெரியும். ஒரே மாதம், ஐந்தாறு ஆண்டு என்று வரிசையாக வைத்தபின்தான் பேச வேண்டும். அப்போதும் நீர்ப்பரப்பை விட்டுவிட்டு, வந்தபின் போகாதவற்றைத் தேடச் சொல்லுங்கள்: ஏரிக்குள் நீண்ட சாலை, கூரை, கொட்டிய குப்பைமேடு. பள்ளிக்கரணை சதுப்புநிலத்துக்கு 2022-ல் ராம்சர் தகுதி, அதாவது உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலம் என்ற அங்கீகாரம், கிடைத்தது. பெருங்குடிக் குப்பைக் கிடங்கு அதை எப்படித் தின்றது என்பதை இந்த முறையில் பார்த்தால், வருத்தம் ஆதாரத்தோடு வரும்.

கூகுள் எர்த்தில் இன்னொரு பொறி இருக்கிறது. திரையில் தெரிவது ஒரே படமல்ல. வெவ்வேறு நாள்களில் எடுத்த படங்களின் ஒட்டுத்துணி. ஓர் ஏரியின் பாதி நிரம்பியும் மறுபாதி வறண்டு வெடித்தும் நேர்க்கோட்டில் பிரிந்து தெரிந்தால் அது இயற்கையல்ல, ஒட்டுப்போட்ட இடம். கணினியில் நிறுவும் எர்த் ப்ரோவில் கடிகாரக் குறியைத் தட்டினால் பழைய படங்கள் தேதியோடு வரும். தேதி எழுதாத படத்தை வகுப்புக்குள் கொண்டுவரவே கூடாது.

இலவசமாகக் கிடைக்கும் அமெரிக்காவின் லேண்ட்சாட் செயற்கைக்கோள் படத்தில் ஒரு படப்புள்ளி (பிக்சல்) நிலத்தில் 30 மீ. × 30 மீ.; ஐரோப்பாவின் சென்டினல்-2 படத்தில் 10 மீ. × 10 மீ. வேடந்தாங்கல் ஏரி சுமார் 30 ஹெக்டேர். முதலாவதில் அது ஏறக்குறைய 333 புள்ளி, இரண்டாவதில் 3,000. வயலில் தோண்டிய 30 மீட்டர் பண்ணைக்குட்டை லேண்ட்சாட்டில் ஒரே புள்ளி, அதுவும் பக்கத்து வரப்பின் நிறம் கலந்த புள்ளி. கருவியின் வரம்பை இதைவிடத் தெளிவாகக் காட்ட வழியில்லை.

ஒளிப் பாடத்துக்கு வருவோம். புவனில் சில படங்களில் வயல் சிவப்பாகவும் ஏரி கறுப்பாகவும் இருப்பதைக் கண்டு பிள்ளைகள் திகைப்பார்கள். ஒரு டி.வி. ரிமோட்டை செல்போனின் முன்கேமராவுக்கு நேராகப் பிடித்துப் பொத்தானை அழுத்துங்கள். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி திரையில் வெளிர் ஊதாவாக மினுங்கும். பின்கேமராக்கள் பலவற்றில் இதைத் தடுக்கும் வடிகட்டி இருப்பதால் அதில் தெரியாமல் போகலாம். இப்போது இரண்டுக்கும் நடுவில் ஒரு பூவரச இலையை வையுங்கள். மினுங்கல் மங்கும், ஆனால் நிற்காது. பச்சை இலை இந்த ஒளியை உறிஞ்சுவது மிகக் குறைவு. ஒரு பங்கை மறுபக்கம் விடுகிறது, ஒரு பங்கைத் திருப்பி அனுப்புகிறது. தண்ணீர் அதை விழுங்கிவிடுகிறது. அந்த ஒளிக்குச் சிவப்பு நிறம் கொடுத்து அச்சிட்டதுதான் இந்தப் படம். ஒரு தவறு மட்டும் கட்டாயம் வரும்: ஆகாயத்தாமரை மூடிய ஏரியும் சீமைக்கருவேலம் மண்டிய ஏரியும் வயல் போலவே சிவந்து நிற்கும். வரப்புக் கோடு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். வயலுக்கு வரப்பு உண்டு, ஆகாயத்தாமரைக்குக் கிடையாது.

மலை இருக்கும் ஊர்களில் நிழல் ஏமாற்றும். இந்தச் செயற்கைக்கோள்கள் நம்மைக் கடப்பது காலை பத்து, பத்தரை மணிவாக்கில். ஜனவரியில் சூரியன் தென்கிழக்கில் இருப்பதால், வடக்கு மேலாக வைத்த படத்தில் நிழல் மேல்நோக்கி விழும். மேலிருந்து வரும் வெளிச்சத்துக்கே பழகிய கண்ணுக்கு மலை பள்ளமாகவும் பள்ளம் மலையாகவும் தெரியும். படத்தைத் தலைகீழாகத் திருப்பினால் சரியாகிவிடும். ஜூன் படத்தில் அதே மலையின் நிழல் தென்மேற்கில் கிடக்கும். செங்கல்பட்டில் ஏப்ரல் 24-ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 18-ஐ ஒட்டியும் நண்பகலில் நிழலில்லா நாள் வருகிறது. இடைப்பட்ட மாதங்களில் நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே இருக்கிறது. மலை நகரவில்லை, நிழல் ஏன் இடம் மாறியது என்று கேட்டுப் பாருங்கள்.

இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 டோப்போ ஷீட்டையும், அதாவது நில உயரம் காட்டும் வரைபடத் தாளையும், சேர்க்கலாம். ஆங்கிலேய நில அளவையாளர் வில்லியம் லாம்டன் 1802-ல் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து தொடங்கிய இந்திய நில அளவையின் பெரும் வேலையின் வாரிசு அது. ஆனால் அதில் சம உயரக் கோடு 20 மீட்டருக்கு ஒன்றுதான். சமவெளிப் பள்ளியின் ஊர்ப் பகுதியில் ஒரு கோடுகூட வராமல் போகலாம். குன்று உள்ள பகுதியாகத் தேர்ந்தெடுத்து, கோட்டுக்கு ஓர் அட்டை என வெட்டி அடுக்குங்கள். அந்த அளவையில் 20 மீ. என்பது 0.4 மி.மீ. மட்டுமே. 2 மி.மீ. அட்டை போட்டால் உயரத்தை ஐந்து மடங்கு கூட்டிவிட்டோம் என்று மாதிரியின் மேலேயே எழுதி வையுங்கள்.

கடைசியில் படத்தோடு ஏரிக்குப் போக வேண்டும். பத்து இடங்களைக் குறித்து, ‘படத்தில் என்ன நினைத்தோம், நேரில் என்ன இருக்கிறது’ என்று இரண்டு பத்தியாக எழுதவைத்தால் போதும். படத்தைத் தரையில் வைத்து வடக்கை நேர் செய்யுங்கள். இரும்பு மேசை அருகே செல்போன் திசைகாட்டியை நம்ப வேண்டாம். போகும் முன் ஆசிரியர் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. ஜூன் படத்தில் ஏரிக்குள் ஓரம் செங்குத்தாக வெட்டிய கருநிறச் செவ்வகங்கள் தெரிந்தால் அவை மண் அள்ளிய பள்ளங்களாக இருக்கலாம். தண்ணீர் நிரம்பினால் மேலே எதுவும் தெரியாது. அவற்றைச் சிவப்பில் வட்டமிட்டு, அந்தப் பக்கம் பிள்ளைகள் போகாதபடி பாதை வகுத்துக்கொண்டபின்தான் கிளம்ப வேண்டும். நீர் நிற்கும் மாதங்களில் கரையோடு நின்றுவிடுங்கள்.

பள்ளிக் கல்வித் துறையிடம் கேட்பது பெரிதல்ல. ஒவ்வொரு நடுநிலைப் பள்ளிக்கும் அதன் ஏரியின் ஜனவரிப் படம், ஜூன் படம், வருவாய்த் துறையின் கிராம வரைபடம் ஆகிய மூன்றையும் ஒரே அளவையில், தேதியும் அளவைக் கோடும் போட்டு, ஏ3 தாளில் அச்சிட்டுத் தரலாம். ஏரி இல்லாத ஊருக்கு ஆறு, உப்பளம், மலைச்சரிவு எதுவானாலும் சரி. லேமினேஷன் வேண்டாம், ஜன்னல் வெளிச்சம் பட்டுப் பளபளத்து பாதிப் படம் தெரியாது, மேலே ஓ.எச்.பி. தாளும் வழுக்கும். ஜூன் மாதப் படம் ஜூலைக்குள் கிடைத்துவிடும் என்பதால், காலாண்டுத் தேர்வு விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் நாளில், மழை தொடங்கும் முன், இந்த மூன்று தாளும் அறிவியல் ஆசிரியர் மேசையில் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
நடுநிலைப் பள்ளி அறிவியல் ஆசிரியர்கள்,
செங்கல்பட்டு மாவட்டம்.