குன்னூர் படிப்பகத்தில் ஒரு தந்தி அறை: நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

போன மார்கழியில் எங்கள் படிப்பகத்துக்கு ஒரு தகரப் பெட்டி வந்தது. குன்னூர் வீட்டைக் காலி செய்துவிட்டுக் கோவைக்குக் குடிபோன ஒரு குடும்பம், பழைய பேப்பர் கடையில் போட மனசு வராமல் கொண்டுவந்து கொடுத்தது. உள்ளே கிட்டத்தட்ட 200 தந்திகள். பிரசவம், சாவு, பரீட்சை முடிவு, இலங்கையிலிருந்து மண்டபம் முகாமுக்கு வந்து இறங்கிய உறவினர் அடித்தது என்று எல்லாம் இருந்தன. ஒன்றை எடுத்துப் பிரித்தோம். 'ஸ்டார்ட்' என்று மட்டும் இருந்தது. அந்நாளில் வாசகம் அச்சான காகிதப் பட்டைகளைத் தாளில் ஒட்டித்தான் தந்தி வரும். பெட்டியின் அடியைத் துழாவியபோது, பசை காய்ந்து உதிர்ந்த ஒரு காகிதப் பட்டை கையில் கிடைத்தது. அதில் 'டு நாட்'. புறப்படாதே என்று யாரோ பதறி அடித்த தந்தி, ஒரு பட்டை உதிர்ந்ததில் புறப்படு என்று ஆகிவிட்டிருந்தது.

அன்றைக்கே குழு கூடி முடிவெடுத்தோம். படிப்பகத்தின் பின்னறையைத் தந்தி அறையாக மாற்றுகிறோம். ஒரு சுவரில் நம் வீட்டுத் தந்திகள். எதிர்ச் சுவரில் நாட்டுத் தலைவர்கள் அனுப்பிய தந்திகள், தமிழில், பெரிய எழுத்தில். தலைவர்களின் அசல் தாள்கள் எங்களிடம் இல்லை. தொகுப்பு நூல்களில் அச்சான வாசகங்களைத்தான் மொழிபெயர்த்து வருகிறோம்.

அந்தச் சுவரின் நடுவில் வரப்போவது ஒரு வாரத்துத் தந்திகள். 1931 டிசம்பர் 28 அன்று லண்டன் வட்டமேஜை மாநாட்டிலிருந்து வெறுங்கையோடு பம்பாயில் வந்து இறங்கினார் காந்தி. அதற்குள் நேருவும் எல்லைப்புறத் தலைவர் கான் அப்துல் கபார் கானும் கைதாகியிருந்தார்கள். மறுநாளே வைஸ்ராய் வில்லிங்டனுக்குத் தந்தி அடித்தார்: நமக்குள் இருந்த நட்பு முடிந்தது என்று இதற்கு அர்த்தமா, அல்லது நான் உங்களை வந்து பார்க்கலாமா? டிசம்பர் 31இல் பதில் வந்தது. ஜனவரி 1இல் காங்கிரஸ் காரியக் கமிட்டியின் தீர்மானத்தையும் சேர்த்து நீளமாக ஒரு தந்தி போனது. சட்டமறுப்பு மிரட்டலை வைத்துக்கொண்டு சந்திப்பு கிடையாது என்று 2ஆம் தேதி வைஸ்ராய் மறுத்தார். 3ஆம் தேதி காந்தி இன்னொன்று அடித்தார். 4ஆம் தேதி விடிவதற்குள், பம்பாயில் தங்கியிருந்த மணி பவனில் அவரைக் கைது செய்துவிட்டார்கள். இதை வரிசையாகப் படித்துக்கொண்டு போனால் நெஞ்சு அடைக்கிறது. ஒரு மனிதர் பார்த்துப் பேச அனுமதி கேட்கிறார். எதிராளி கதவைச் சாத்துகிறார். இடையில் யாருடைய விளக்கமும் தேவைப்படவில்லை.

இந்த வில்லிங்டன் நம் மலைக்குப் புதியவர் அல்ல. 1919 முதல் 1924 வரை சென்னை மாகாண கவர்னராக இருந்தவர். கோடை வந்தால் அந்த நாளில் சென்னை அரசாங்கமே ஊட்டிக்கு ஏறிவிடும். (பக்கத்திலுள்ள வெலிங்டனுக்கும் இவருக்கும் சம்பந்தமில்லை, அது வேறொரு பிரபுவின் பெயர்.)

காந்தியும் இங்கே வந்திருக்கிறார். 1934 ஜனவரி கடைசியில், தீண்டாமையை எதிர்த்த ஹரிஜன யாத்திரையின் நடுவே, குன்னூரில் சில நாள் தங்கினார். அந்த ஜனவரி 15 அன்றுதான் பூகம்பம் பீகாரைப் புரட்டிப் போட்டிருந்தது. ராஜேந்திர பிரசாத் சிறையிலிருந்து வெளியே வந்த கையோடு நிவாரண வேலையில் இறங்கியிருந்தார். பீகாரில் அவர், தெற்கே ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தவர் காந்தி. இருவருக்கும் நடுவே அவசரச் செய்தியைச் சுமந்தது தந்திக் கம்பிதான். போகிற கூட்டத்திலெல்லாம் காந்தி பீகாருக்காகக் கையேந்தினார்.

1945இல் சிம்லா மாநாட்டுக்கு முன் பஞ்சகனியிலிருந்து வைஸ்ராய் வேவலுக்குக் காந்தி அடித்தவையும், 1947 அக்டோபரில் காஷ்மீர் பற்றி நேரு பிரிட்டிஷ் பிரதமர் ஆட்லிக்கு அனுப்பியதும் சுவரில் இடம்பெறும்.

2013 ஜூலை 14ஆம் தேதி இரவோடு நாட்டில் தந்தி நின்றது. தந்தி ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் வாரம் ஒரு நாள் வந்து பிள்ளைகளுக்கு மோர்ஸ் என்ற தந்திக் குறியீட்டைச் சொல்லித்தரச் சம்மதித்திருக்கிறார். 'கட்டு', 'கட' என்று மேசையை விரலால் தட்டி அவர் பெயர் எழுதுவதைப் பார்த்துவிட்டு வந்த பிள்ளைகள் இன்னும் தட்டிக்கொண்டிருக்கிறார்கள். அவருக்கு வயதாகிறது. ஒத்திப்போட எங்களுக்கு நேரமில்லை.

மழையும் காத்திராது. மழைக்காலத்தில் குன்னூரில் செருப்பே பூஞ்சை பிடிக்கும்; தந்தித் தாள் எம்மாத்திரம்? பின்னறைக் கூரை ஒழுகுகிறது, தகரம் மாற்ற வேண்டும். ஈரம் உறிஞ்சும் இயந்திரம் ஒன்று, கண்ணாடிப் பெட்டிகள், அச்சுப் பலகைகள் வேண்டும். தாள்களில் ஏறியிருக்கும் அமிலத்தை நீக்கி, உதிர்ந்த பட்டைகளைக் கோதுமை மாச்சத்துப் பசையால் ஒட்டி, பின்னால் மெல்லிய ஜப்பானியத் தாள் கொடுக்க வேண்டும். இது பழகிய கை செய்ய வேண்டிய வேலை. கடையில் வாங்கும் பசையும் செல்லோடேப்பும் தாளையே தின்றுவிடும். மொத்தம் 4,60,000 ரூபாய் ஆகும். இதுவரை 1,42,000 சேர்ந்திருக்கிறது. அதில் பெரும்பகுதி ஐம்பதும் நூறுமாகத் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் தந்தது.

மீதி 3,18,000 ரூபாயை வைகாசிக்குள் திரட்டியாக வேண்டும். பத்து ரூபாய்க்கும் ரசீது உண்டு. மாலை ஐந்து முதல் எட்டு வரை படிப்பகத்தில் குழுவினர் இருப்போம். கணக்கு நோட்டு மேசை மேலேயே இருக்கும், யாரும் எடுத்துப் பார்க்கலாம்.

உங்கள் வீட்டுப் பரணிலோ பீரோவிலோ தந்தி இருந்தால் அதையும் கொண்டுவாருங்கள். படம் எடுத்துக்கொண்டு, வேண்டுமென்றால் அன்றே திருப்பித் தந்துவிடுவோம். பட்டை ஏதும் உதிர்ந்திருந்தால் தூக்கிப் போட்டுவிடாமல் ஒரு கவரில் போட்டு எடுத்துவாருங்கள்.

இப்படிக்கு,
படிப்பகக் குழுவினர்,
குன்னூர்