மகாமகக் குளக்கரையில் பயமில்லாமல் நடக்க உங்கள் பங்கு வேண்டும்

கும்பகோணத்து மக்களுக்கும், எந்த ஊரில் இருந்தாலும் இதைச் சொந்த ஊர் என்று சொல்லிக்கொள்பவர்களுக்கும் வணக்கம்.

நேராக விஷயத்துக்கு வருகிறோம். ரயிலடியிலிருந்து மகாமகக் குளத்துக்கு வரும் சாலையிலும் குளத்தின் நான்கு கரைகளிலும், நடப்பவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கும் பாதுகாப்பான வழி செய்ய 6 லட்சம் ரூபாய் திரட்டுகிறோம். வேலைக்கு நாங்கள் போட்ட மதிப்பீடு 18 லட்சம். மீதி 12 லட்சத்தை நகர்ப்புறங்களுக்கான 'நமக்கு நாமே' திட்டத்தில் கேட்கப்போகிறோம். அந்தத் திட்டத்தில் மக்கள் மூன்றில் ஒரு பங்கைக் கட்டினால் மற்ற இரண்டு பங்கை அரசு போடும். நீங்கள் தரும் 100 ரூபாய் தெருவில் 300 ரூபாய் வேலையாக இறங்கும். வீடு வீடாக வந்து கேட்கும் துணிச்சல் இந்தக் கணக்கினால்தான் வந்தது.

இப்போதே ஏன் என்று கேட்கலாம். 2028-ல் மகாமகம். அதற்கு முன் ஊர்ச் சாலைகள் புதிதாகும். நல்லதுதான், ஆனால் குழி போனால் வேகம் வரும். 30 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற வண்டி, ஓட்டுகிறவர் ஆளைப் பார்த்து பிரேக் போட்டு நிற்பதற்குள் சுமார் 13 மீட்டர் ஓடிவிடும். 50 என்றால் அது இரண்டு மடங்கு. நடப்பவர்களும் வண்டிகளும் கலக்கிற தெருக்களில் 30-க்கு மேல் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வது இதனால்தான். 2022-ல் இந்தியச் சாலைகளில் 1.68 லட்சம் பேர் இறந்தார்கள். அதில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் நடந்து போனவர்.

இன்னொன்று, பழைய தாரைச் சுரண்டாமல் மேலேயே தார் போடுகிற பழக்கம். ஒவ்வொரு முறையும் சாலை உயர்கிறது, ஓரம் தாழ்கிறது. மழை பெய்தால் தண்ணீர் ஓரத்தில் நிற்கும், நடப்பவர் நடுச்சாலைக்கு வருவார். சாலை போடுமுன் ஓரத்தைச் சரிசெய்தால் செலவு குறைவு. போட்ட பிறகு உடைத்துச் செய்வதை ஊரே பார்த்திருக்கிறது.

செய்யப்போவதில் முக்கியமானது, கோயில் வாசல்களுக்கு எதிரே நடைபாதை உயரத்துக்கே சாலையைக் கொஞ்சம் தூக்கிக் கட்டும் கடவுப்பாதை. வேன் தானாக மெதுவாகும், வயதானவர் இறங்கி ஏற வேண்டாம். வேகத்தடைதானே என்று சிலர் கேட்டார்கள். நம் தெருக்களில் வேகத்தடை என்ற பெயரில் இருப்பது பல இடங்களில் குட்டிச்சுவர். சைக்கிளில் போகிற பெரியவருக்கு முதுகுதான் போகும். சாலை எப்படி இருக்க வேண்டும் என்று அளவு வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸ் என்ற அமைப்பு சொல்லும் வேகத்தடை 10 சென்டிமீட்டர் உயரம், வண்டி போகும் திசையில் 3.7 மீட்டர் அகலம். அந்த அகலம்தான் ஏறி இறங்குவதை மெதுவாக்குகிறது. கடவுப்பாதையின் இரண்டு பக்கச் சரிவும் அதே போலத்தான் இருக்கும்.

நடைபாதையில் பைக் ஏறாமலிருக்கத் தடுப்புக் கம்பங்கள் வேண்டும். இதில் நம் ஊருக்கே உரிய ஒரு சிக்கல். மாசி மகத்துக்குத் தீர்த்தவாரி, அது போகப் புறப்பாடு வேறு. சுவாமி வரும் வழியில் நிரந்தரமாக ஒன்றும் நிற்கக் கூடாது. அதனால் கழற்றி எடுத்துத் திரும்பப் பொருத்தும் கம்பங்களாகக் கேட்கிறோம். விலை கொஞ்சம் கூடும், வேறு வழியில்லை.

அப்புறம் விளக்கு. கரை முனைகளில் இருட்டு இருக்கிறது. டைனமோ காலம் போனபின் சைக்கிள்களில் பெரும்பாலும் விளக்கே கிடையாது. பதினொன்றாம் வகுப்பில் அரசு தந்த சைக்கிளில் டியூஷன் முடித்து வீடு திரும்பும் பிள்ளைகள் பின்னால் வருகிற வண்டிக்குத் தெரிவதே இல்லை. அவர்கள் சைக்கிளில் ஒளிரும் பட்டை ஒட்டித் தரும் வேலையையும் இதோடு சேர்த்திருக்கிறோம். அதற்கு அரசுப் பங்கு வராது, நம் பணம்தான்.

பூ, பழம் விற்கிறவர்களைத் துரத்தப்போகிறோம் என்று ஒரு பேச்சு கிளம்பியது. இல்லை. வரைபடத்தில் அவர்களுக்கு இடம் விட்டிருக்கிறோம், அவர்களையே கூப்பிட்டுக் காட்டியும் இருக்கிறோம். மாலையில் குளக்கரையில் ஆள் நடமாட்டம் இருப்பதே அவர்களால்தான். இடத்தை உண்மையில் அடைத்துக்கொண்டிருப்பது நிறுத்திய கார்கள். கார்களைப் பற்றிய பேச்சு சுலபமாக முடியாது என்பதும் தெரியும்.

பணத்தைப் பற்றி. தொகைக்கு வரம்பில்லை, 50 ரூபாயும் சரி. கையில் தந்தாலும் வங்கி வழியாக அனுப்பினாலும் எண்ணிட்ட ரசீது உண்டு. மக்கள் பங்கை மொத்தமாக மாநகராட்சியிடம் கட்டுவோம், ஒப்பந்ததாரரிடம் நாங்கள் பணம் கொடுக்க மாட்டோம். திட்டத்துக்கு அனுமதி கிடைக்காவிட்டால் ரசீதைக் காட்டியவருக்குப் பணம் திரும்பும். வரவு செலவை மாதம் ஒரு முறை குளத்தின் வடகரையில், காசி விசுவநாதர் கோயில் பக்கம் பலகையில் எழுதி வைப்போம்.

பணம் தர முடியாதவர்கள் ஞாயிறு காலை ஆறரைக்கு வடகரைக்கு வந்தால் போதும். ஓரங்களை அளக்க வேண்டியிருக்கிறது. டேப்பின் ஒரு முனையைப் பிடிக்க எப்போதும் ஆள் குறைகிறது; வீட்டில் நீள டேப் இருந்தால் எடுத்து வாருங்கள்.