சனிக்கிழமை இரவுணவுச் சந்திப்பு: முன்னாள் மாணவர்களின் கவனத்திற்கு

அனைவருக்கும் வணக்கம். வரும் சனிக்கிழமை மாலை 6.30 மணிக்குச் சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவிலுள்ள தேக்கா நிலைய உணவங்காடியில் கூடுகிறோம். சுற்றுவட்டாரத்தில் குளிரூட்டிய புதிய உணவகங்கள் பெருகிவிட்டாலும், சைவரும் பிரியாணிப் பிரியரும் ஒரே மேசையில் அமர இதுவே ஏற்ற இடம் என்பது என் கருத்து.

1. லிட்டில் இந்தியா பெருவிரைவு ரயில் நிலையத்தின் சி வாயில் வழியாக வரவும்.

2. லிட்டில் இந்தியா மதுக் கட்டுப்பாட்டு வட்டாரம் என்பதால், சனிக்கிழமை காலை 7 மணி முதல் திங்கட்கிழமை காலை 7 மணி வரை அங்கே பொது இடங்களில் மது அருந்துவது சட்டப்படி குற்றமாகும். வேண்டுவோர் பிறகு உரிமம் பெற்ற உணவகத்திற்குள் சென்று அருந்தலாம், புல்வெளியில் வேண்டாம்.

3. தட்டுகளை அவரவரே திருப்பி வைக்க வேண்டும். 2021 செப்டம்பர் முதல் இது கட்டாயம், பேரப்பிள்ளைகளிடம் தள்ளிவிடாதீர்கள்.

4. வருவோர் எண்ணிக்கையை வியாழக்கிழமை இரவுக்குள் இங்கேயே பதிவிடவும்.