ஹெரால்டு காரில் பின்பக்க சீல் எங்கே?

அன்பு மாப்ளே,

கடிதம் கிடைத்தது. அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. இங்கே எல்லாரும் சௌக்கியம். மெட்ரோ வேலைக்குத் தெருவை அடைத்துவிட்டார்கள், காய்கறி வாங்கக்கூட ஊரைச் சுற்ற வேண்டியிருக்கிறது.

சரி, உன் ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் விஷயம். இன்ஜினின் பின்பக்கம் ஆயில் சொட்டுகிறது, கியர்பாக்ஸை இறக்கி சீல் (ஆயில் கசியாமல் தடுக்கும் வளையம்) மாற்றணும் என்று மெக்கானிக் சொல்வதாக எழுதியிருந்தாய். உடனே தலையாட்டிவிடாதே. அந்த இன்ஜினில் கிராங்க் ஷாஃப்டின், அதாவது பிஸ்டன்கள் சுழற்றும் தண்டின், பின்முனையில் ரப்பர் சீலே கிடையாது. ஓர் அலுமினிய வளையமும் மரை போன்ற வெட்டும்தான். கிராங்க் சுற்றச் சுற்ற அந்த மரை ஆயிலை உள்ளே தள்ளிவிடும். இன்ஜினுக்குள் சேரும் காற்றை வெளியே விடும் பிரீதர் அடைத்துக்கொண்டாலோ பிஸ்டன் ரிங் தேய்ந்தாலோ உள்ளே அழுத்தம் ஏறும், அப்போது மரையை மீறி ஆயில் வெளியே வரும். கொஞ்சம் கசிவது அந்த வண்டியின் சுபாவம். அதற்காக சீட்டைக் கழற்றி, வண்டிக்குள்ளிருந்து கியர்பாக்ஸைத் தூக்கி, கிளட்ச், ஃபிளைவீல் எல்லாவற்றையும் பிரிப்பது வீண் செலவு.

முதலில் பிரீதரைச் சுத்தம் செய். அப்புறம் இன்ஜினை மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, முகப் பவுடரைத் தூவி ஓடவிட்டு, பவுடர் எங்கே நனைகிறது என்று பார். இன்ஜினின் மேல் மூடியான ராக்கர் கவரின் கேஸ்கெட்டில் கசியும் ஆயில் பின்புறமாக வழிந்து கீழே சொட்டி, பாவம், இல்லாத பின் சீல் மேல் பழியைப் போடும்.

ரப்பர் சீல் இருப்பது இன்ஜினின் முன்பக்கம், டைமிங் கவர் என்ற மூடியில். பானெட் மொத்தமும் முன்னால் சாய்வதால் டயர் மேல் உட்கார்ந்தே வேலை பார்க்கலாம். ஸ்பிரிங் உள்ள பக்கம் ஆயிலைப் பார்த்து இருக்கணும், சீலின் உதட்டில், அதாவது உள்விளிம்பில், ஆயில் தடவித்தான் மாட்டணும். புல்லியின் கழுத்தில் பழைய சீல் பள்ளம் போட்டிருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பார். பள்ளம் இருந்தால் எத்தனை புது சீல் போட்டாலும் ஒழுகும். சீலைக் கொஞ்சம் தள்ளி உட்கார வைத்தால் உதடு தேயாத இடத்தில் படும்.

இன்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பைக் கழற்றினால் இன்னொரு வேடிக்கை. முன்பக்க அலுமினியக் கட்டையின் இரு முனையிலும் மரத்துண்டு செருகியிருக்கும். சிரிக்காதே, கம்பெனியே அப்படித்தான் செய்தது. இப்போது பலர் சிலிகான் பசையை அப்பிவிடுகிறார்கள். எனக்கு மரம்தான் பிடிக்கும்: இறுக்கமாக அடித்து, மட்டமாகச் சீவிவிட வேண்டும். அந்தக் கட்டையில் போல்ட்டை முரட்டுத்தனமாக முறுக்க விடாதே, அலுமினியத்தில் மரை போனால் தலைவலி.

நம் வண்டி பிறந்த பெருங்களத்தூர்ப் பக்கம் போன வாரம் போனேன். ஃபேக்டரி இருந்த இடத்தில் கண்ணாடிக் கட்டடங்கள். சாமான் மட்டும் இன்னும் புதுப்பேட்டையில் தேடினால் சிக்குகிறது. முன்பக்கப் பழைய சீலைத் தூக்கி எறியாமல் உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன் மூன்றையும் அளந்து எழுது. ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் அளவைச் சொன்னால் எடுத்துக் கொடுப்பார்கள். கிடைத்ததும் திருச்சி வரும் என் மச்சான் கையில் கொடுத்து அனுப்புகிறேன்.

உன் பழைய ரூம்மேட்