இலவச மருந்தகத் திருப்பணி: உறுப்பினர்களுக்கு நிறைவு அறிக்கை

பேரன்புடைய உறுப்பினர்களுக்கும் உபயதாரர்களுக்கும் வணக்கம்.

கோயிலின் வடமதிலை ஒட்டிப் பூட்டிக் கிடந்த பழைய பண்டகசாலையை ஞாயிற்றுக்கிழமைதோறும் நடக்கும் இலவச மருந்தகமாக மாற்றும் திருப்பணி இறையருளால் நிறைவடைந்தது. காத்திருப்புக் கூடம், மருத்துவர் அறை, மருந்து அறை என மூன்றாகத் தடுத்திருக்கிறோம். ரசீதுகளும் உபயப் பட்டியலும் கோயில் அலுவலகத்தில் பார்வைக்கு உள்ளன. என்ன வேலை நடந்தது, ஏன் அப்படிச் செய்தோம், இனி அதை யார் எப்படிக் காக்க வேண்டும் என்பதை மட்டும் இங்கே எழுதுகிறோம்.

ரங்கூனில் வைகாசி பிறக்கும்போது இறங்கும் மழை ஐப்பசி வரை விடாது. ஆண்டுக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டுகிறது. இந்த ஊரில் மருந்தகத்தை முதலில் அரிப்பது ஈரம்தான். சுவர், மாத்திரை, சர்க்கரை பார்க்கும் பட்டை, பதிவேடு எல்லாமே அதற்கு இரை. அதனால் வேலைத் திட்டம் முழுவதையும் ஈரத்தை மனத்தில் வைத்தே வகுத்தோம்.

பழைய செங்கல் சுவருக்கு அடியில் ஈரத்தடுப்பு வரி கிடையாது. தரையீரம் மூன்றடி வரை ஏறியிருந்தது. முன்பு அதன்மேல் சிமெண்டு பூசியிருந்தார்கள். வெளியேற வழியில்லாத ஈரம் இன்னும் மேலே ஏறி, உப்புப் பூத்து, பூச்சைப் பாளம் பாளமாகத் தள்ளிவிட்டது. நாலடி உயரம் வரை சிமெண்டைக் கொத்தி எடுத்து, தை முதல் பங்குனி வரை செங்கலை வெறுமனே காயவிட்டோம். பிறகு ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல் சேர்த்து, அரை அங்குலத்துக்கு மிகாமல் இரண்டு பூச்சு. சுண்ணாம்புப் பூச்சு மெல்ல இறுக வேண்டும். பங்குனி வெயிலில் தென்மேற்கு மூலை சீக்கிரம் உலர்ந்து வெடித்ததால், அந்தப் பகுதியை மட்டும் மறுபடி பூசி, ஒரு வாரம் ஈரச்சாக்கு தொங்கவிட்டோம். சுவரின் வெளிப்புறம் ஓரடி அகலம், ஒன்றரை அடி ஆழத்துக்குப் பள்ளம் எடுத்துச் சரளை நிரப்பி, தெரு வாய்க்கால் பக்கம் சரிவு கொடுத்திருக்கிறோம். அந்தச் சரளைமேல் யாரும் மண் கொட்டவோ பூச்செடி நடவோ வேண்டாம். அடைத்தால் ஈரம் திரும்பவும் சுவருக்குள் ஏறும்.

2008 மே மாத நர்கீஸ் புயல் எத்தனை தகரக் கூரைகளைத் தூக்கிக்கொண்டு போனது என்பது நம்மவர்க்குச் சொல்லத் தேவையில்லை. காற்று முதலில் பிடிப்பது சுவருக்கு வெளியே நீளும் கூரை ஓரமான இறவாணத்தைத்தான். அதனால் இறவாணத்தை ஒன்றரை அடிக்கு மேல் நீட்டவில்லை. ஓரங்களில் கொக்கி போல்ட்டுகளை நெருக்கமாகவும், நடுவில் சற்று இடைவிட்டும் ரப்பர் வாசருடன் முடுக்கியிருக்கிறோம். ரப்பர் வெயிலில் வெடிக்கும். ஆண்டுதோறும் சித்திரையில் ஒருவர் ஏறிப் பார்க்க வேண்டும்.

கூரைப் பரப்பு 600 சதுர அடி. 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் சிந்தல் போக ஏறக்குறைய 450 லிட்டர் 1,000 லிட்டர் தொட்டிக்கு வரும். மழையின் முதல் தண்ணீர் கூரைத் தூசியையும் காக்கை எச்சத்தையும் கழுவிக்கொண்டு வருவதால், அது தனிக் குழாயில் நிரம்பிய பிறகே மீதி தொட்டிக்குள் போகும்படி வைத்திருக்கிறோம். ஒரு நோயாளிக்கு 5 லிட்டர் என்பது வெளிநோயாளிப் பிரிவுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு. 60 பேர் வந்தால் 300 லிட்டர். நிறைந்த தொட்டிக்கு 33 சதவீதம் குளோரின் உள்ள பிளீச்சிங் பவுடர் 6 கிராம் போதும். தனி வாளியில் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் ஊற்றி, அரை மணி நேரம் விட்ட பிறகு திறக்கவும். ஈரம் பட்ட பவுடர் வீரியம் இழந்துவிடும் என்பதால் சிறு பொட்டலமாக வாங்கி, காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். தொட்டி மூடியின் வலை கிழிந்தால் அன்றே மாற்றுங்கள். டெங்குக் கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். ஏழு முதல் பத்து நாளில் கொசுவாகிவிடும். சந்நிதிப் பூச்சாடி, தேங்காய்ச் சிரட்டை, வாசல் உருளி எல்லாவற்றையும் சனிக்கிழமைதோறும் கவிழ்க்க இளைஞர் அணி பொறுப்பேற்றிருக்கிறது.

அதிக நேரம் எடுத்தது மருந்து அறை. அலமாரிகள் சுவரிலிருந்தும் தரையிலிருந்தும் நாலங்குலம் தள்ளி நிற்கின்றன. அந்த இடைவெளியில் பெட்டி செருகாதீர்கள். ஒவ்வொரு தட்டிலும் நீல சிலிக்கா மணிப் பை உண்டு. மணி இளஞ்சிவப்பானால் ஈரம் குடித்துவிட்டது என்று பொருள். சமையலுக்கு எடுக்காத தனிச் சட்டியில் இளஞ்சூட்டில் வறுத்தால் நீலம் திரும்பும். குழந்தைகள் கையில் படக் கூடாது. சர்க்கரைப் பட்டை டப்பாவை எடுத்தவுடன் மூடுங்கள். திறந்து கிடந்த பட்டை தவறான அளவு காட்டும், அதை நம்பி மருந்தை மாற்றினால் ஆபத்து. ஆஸ்பிரினில் வினிகர் வாசம் அடித்தால் அது சிதைந்துவிட்டது, தூக்கிப் போடுங்கள். சர்க்கரை வியாதி மாத்திரையான மெட்பார்மினில் லேசான மீன் வாடை வருவது அதன் இயல்பு. கெட்டுப்போயிற்று என்று பாட்டிமார் நிறுத்திவிடாமல் எடுத்துச் சொல்லுங்கள்.

இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். குளிர்ப்பெட்டியின் கதவுத் தட்டில் தண்ணீர்ப் பாட்டில்களை அடுக்கியிருக்கிறோம். மின்சாரம் போனால் அவைதான் குளிரைப் பிடித்து வைக்கும், அதனால் குடிக்க எடுக்க வேண்டாம். உறைகலனை ஒட்டி இன்சுலின் வைத்தால் உறையும். உறைந்தது இளகினாலும் பயன்படாது. காலை மாலை வெப்பமானியைப் பார்த்துக் குறிக்க வேண்டும். வீட்டில் குளிர்ப்பெட்டி இல்லாதவர்கள் கோடையில் ஈரமணல் நிரப்பிய மண்பானைக்குள் சிறு சட்டி வைத்து அதில் வைக்கலாம். மழைக்காலக் காற்றில் ஈரம் அதிகம் என்பதால் அப்போது பானை அவ்வளவாகக் குளிராது.

சூரிய மின்தகடுகள் நான்கு, தலா 400 வாட். 24 வோல்ட், 100 ஆம்பியர் லித்தியம் மின்கலம் ஒன்று. விளக்கு, மூன்று விசிறி, குளிர்ப்பெட்டி, மூச்சுத்திணறலுக்கு மருந்தைப் புகைபோலத் தரும் நெபுலைசர் ஆகியவற்றுக்கு மட்டுமே அது தாங்கும். கருவிகளை வேகவைக்கும் ஆட்டோகிளேவை அதில் சொருக வேண்டாம்; அதற்குக் கேஸ் அடுப்பு வாங்கியிருக்கிறோம். அடுப்பில் வைக்கும்போது நீராவி சீராகச் சீறி உள்காற்று முழுதும் வெளியேறிய பிறகே வால்வை மூடுங்கள். காற்று தங்கினால் முள் 15 பவுண்டு காட்டினாலும் உள்ளே 121 டிகிரி எட்டியிருக்காது. முள் நின்ற நேரத்திலிருந்து, துணியில் சுற்றியவற்றுக்கு 30 நிமிடம். ஈரத்துணியோடு வெளியே எடுத்தால் கிருமி மறுபடி ஏறும், உலரவிட்டு எடுங்கள். ஊசிப் பெட்டி முக்கால் நிறைந்ததும் மூடி மாற்ற வேண்டும். ஊசிக்கு மறுபடி மூடி போடக் கூடாது.

உறுப்பினர்கள் கைகொடுக்க வேண்டிய இடம் காத்திருப்புக் கூடம். இரத்தக்கொதிப்பு பார்க்கும் முன் ஐந்து நிமிடம் முதுகு சாய்த்து, பாதம் தரையில் படிய உட்கார வையுங்கள். அரை மணி நேரத்துக்குள் கூன்யாவோ (வெற்றிலைப் பாக்கு) தேநீரோ புகையோ கூடாது. சட்டைக் கைமேல் பட்டை சுற்ற வேண்டாம். பருத்த கைக்குப் பெரிய பட்டையை எடுங்கள், சின்னது அளவைக் கூட்டிக் காட்டும்.

மருத்துவர்கள் பெரும்பாலும் பர்மிய மொழியில் கேட்பார்கள். நம் பெரியவர்கள் பலர் தமிழில்தான் நோவைச் சொல்வார்கள். ‘கிறுகிறுப்பு’ என்றால் கவுங் மூ, தலைவலி கவுங் கைக், கொதிப்பு துவேதோ, சீனி வியாதி சீஜோ. இவற்றை எழுதி மாட்டியிருக்கிறோம். ஆனால் ‘நெஞ்சு கரிக்குது’ என்பதையும் ‘நெஞ்சை அழுத்துது’ என்பதையும் ஒன்றாக மொழிபெயர்த்துவிடக் கூடாது. முதலாவது பெரும்பாலும் வயிற்றுப் புளிப்பு. இரண்டாவது இருதயமாக இருக்கலாம், வரிசையை விட்டு உடனே உள்ளே அழைத்துப் போங்கள். தமிழும் பர்மியமும் தெரிந்த அக்காமார், தம்பிமார் இந்த வேலைக்கு முன்வர வேண்டும் என்று மனமாரக் கேட்டுக்கொள்கிறோம்.

மருந்து உபயம் செய்பவர்கள் காலாவதிக்குக் குறைந்தது ஓராண்டு மீதமுள்ள, பிரிக்காத அட்டைகளை மட்டும் தாருங்கள். வீட்டில் சாப்பிட்டு மிஞ்சியதை ஏற்க முடியாது. பணமாகத் தந்தால் தீர்ந்த மருந்தை அந்தந்த வாரமே வாங்கலாம்.

மழைக்கால முறைப் பட்டியலில் வெப்பமானி பார்க்க இரண்டு பேரும், தொட்டிக்கு ஒருவரும் இன்னும் குறைகிறார்கள். வெள்ளிக்கிழமை பூசை முடிந்ததும் அலுவலகத்தில் பெயர் தரலாம். மருந்து அறைச் சாவியும் குறிப்பேடும் அங்கேயே இருக்கும்.

திருப்பணிக் குழு