48 இலக்கங்களுக்கு எங்கே போவது?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

சென்ற வார இளையர் பக்கத்தில் "இன்றைய மாணவர்களுக்குக் கணினி கைவந்த கலை" என்று ஒரு வரி. எழுதியவர் என் பேத்தியைச் சந்தித்ததில்லை போலும்.

அவள் பலதுறைத் தொழிற்கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. ஒரு வெள்ளிக்கிழமை இரவு அவளுடைய மடிக்கணினி தானாக எதையோ புதுப்பித்துக்கொண்டு, எழுந்ததும் நீலத் திரையில் 48 இலக்க மீட்புக் குறியீட்டைக் கேட்டது. பிட்லாக்கர் என்று பெயராம். கணினி திருட்டுப் போனாலும் உள்ளே இருப்பதை எவரும் படிக்க முடியாதபடி பூட்டி வைக்கும் ஏற்பாடு, நல்லதுதான். குறியீடு எங்கே இருக்கிறது? கல்லூரிக் கணக்கில். கணக்கில் நுழைய? கைப்பேசிச் செயலியில் ஒப்புதல் தர வேண்டும். கைப்பேசியோ, முந்தின வாரம்தான் பழையதைக் கடையில் கொடுத்துவிட்டுப் புதியது வாங்கியிருந்தாள். சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிய கதை. ஞாயிறு இரவு 11.59க்குள் ஒப்படைப்பு.

கல்லூரியின் உதவி முகப்பு வார இறுதியில் திறப்பதில்லை. இணையத்தில் பதில் சொல்லும் இயந்திரம், "உங்கள் கணக்கில் நுழைந்து கோரிக்கையைப் பதிவு செய்யவும்" என்று மிகப் பணிவாகச் சொன்னது. பழுதுபார்க்கும் கடைக்காரர் 120 வெள்ளி கேட்டார். எதற்கு? எல்லாவற்றையும் அழித்துத் தருவதற்கு! திங்கட்கிழமை காலை முகப்பில் இருந்த தம்பி பத்தே நிமிடத்தில் திறந்து கொடுத்தார். அந்தப் பத்து நிமிடத்தைச் சனிக்கிழமை தர ஆளில்லை. தாமதத்துக்குக் குறைத்த மதிப்பெண் குறைத்ததுதான்.

நான் முப்பது ஆண்டுகள் தொலைபேசி இணைப்பு வேலை பார்த்தவன். இணைப்பு அறுந்தால் ஏணியைத் தூக்கிக்கொண்டு ஆள் போக வேண்டும். சீனப் புத்தாண்டு அன்றும் போயிருக்கிறேன். இப்போது ஆளுக்குப் பதில் கோரிக்கை எண் வருகிறது.

2020 ஏப்ரலில் பள்ளிப் பாடம் வீட்டுக்கு வந்தபோது எங்கள் மூவறை வீட்டில் மூன்று பிள்ளைகளுக்கு ஒரே கணினி. அப்போதும் தங்களுக்கு எழுதினேன். நன்றி சொன்ன பத்தியை மட்டும் வெளியிட்டீர்கள். மிக்க நன்றி.

என்னைப் போன்ற கிழவர்களுக்கு ஒரு குறையும் இல்லை. அதே 2020இல், முதியவர்களுக்குக் கைப்பேசியும் இணையமும் மேசை போட்டுச் சொல்லித் தரும் மின்னிலக்கத் தூதர்கள் வந்தார்கள். அரசாங்க இணையச் சேவைகளுக்குள் நுழையும் சிங்பாஸ் கணக்கின் கடவுச்சொல்லை மறந்துபோய் நான் நின்றபோது நாற்காலி போட்டு உட்கார வைத்துச் சொல்லித் தந்தார்கள். "அந்த மேசைக்கு வாயேன்" என்று பேத்தியை அழைத்தேன். "அங்கே சொல்லித் தருவது என் வயதுப் பெண், தாத்தா. நான் போய்த் தெரியாது என்று நின்றால் என்ன நினைப்பாள்?" என்றாள். கைவந்த கலை என்று நீங்கள் எழுத எழுத, தெரியாது என்று சொல்ல இந்தப் பிள்ளைகளுக்கு நாக்கு எழவில்லை. திரையில் விரல் ஓடுவது வேறு, பூட்டின் சூட்சுமம் தெரிவது வேறு.

1990களில் இதே சிங்கப்பூரிலிருந்து எழுத்தாளர் நா. கோவிந்தசாமி தமிழை இணையத்தில் ஏற்றப் பாடுபட்டதைத் தங்களுக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை. இன்று தமிழ் மன்ற அறிவிப்பில் எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாக வருகிறது என்று ஒரு மாணவர் கேட்டால் யாரிடம் அனுப்புவது என்று நான்கு பேரை விசாரித்தேன். நால்வரும் அடுத்தவரைக் கை காட்டினார்கள்.

கேட்பது பெரிதில்லை. இளையர் பக்கத்தின் மூலையில் சிறு பெட்டிச் செய்தி ஒன்று: ஒவ்வொரு கல்லூரியிலும் உதவி முகப்பு எந்தக் கட்டடத்தில், எத்தனை மணி வரை, வார இறுதியில் யாரை அழைப்பது. மீட்புக் குறியீட்டை முன்கூட்டியே தாளில் எழுதி வையுங்கள், பழைய கைப்பேசியைக் கொடுக்குமுன் ஒப்புதல் செயலியைப் புதியதில் பதிந்துகொள்ளுங்கள் என்று இரண்டு வரி. இடமில்லை என்றால், ராசிபலனுக்கு அரைப் பக்கம் தருகிறீர்களே, அதில் விருச்சிகத்தை மட்டும் ஒரு வாரம் எடுத்துவிடுங்கள். என் ராசிதான், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்,
ஈசூன்